அணைக்கரையில் ஒரு வீடு

கல்யாணமாகி முப்பது வருஷம் ஆன எந்தப் புருஷரையாவது தனியாகப் பிடித்து, "உங்கள் மனசில் இருக்கும் ஆசை என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர், "கடற்கரை ஓரமாக ஒரு சின்ன வீடு" என்றுதான் சொல்வார்கள். என் கணவரும் அந்த ரகந்தான். நாலு பேர் எதிரில் அவர் இப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் குறுக்கிட்டு, "சின்னதாக ஒரு வீடு என்று சொல்லுங்கள். 'சின்ன வீடு' என்றால் கேட்கிறவர்கள் வேறு அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள்" என்று திருத்துவது வழக்கம்.

சென்னைக்காரர்களுக்கு இந்த ஆசை வருவது சுலபம், நிறைவேறுவதுதான் கஷ்டம். நீலாங்கரைப் பக்கம் மனை விலை கேட்டுவிட்டு வந்த அன்று அவர் இராத்திரிச் சாப்பாட்டைக்கூடப் பாதியில் வைத்துவிட்டார். பணம் இருந்தாலும் நினைத்த இடத்தில் கட்டிவிட முடியாது. 1991-ம் வருஷத்து மத்திய சர்க்கார் விதி, கடல் ஏறி வரும் மட்டத்திலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குள் வைத்தது. அப்புறம் 2011-லும் 2019-லும் அதைத் திருத்தி எழுதினார்கள். அந்த விதிகளையெல்லாம் படித்துப் புரிந்துகொள்வதற்குள் கடலே வற்றிவிடும் போலிருந்தது.

கடைசியில் கடல் கிடைக்கவில்லை, அணை கிடைத்தது. அவருடைய பெரியப்பா காலமான பிறகு, ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி நீர்த்தேக்கத்தின் கரையோரமாக இருந்த தாத்தா காலத்து ஓட்டு வீடு இவர் பங்குக்கு வந்தது. "அலை இல்லை, உப்புக்காற்று இல்லை, மற்றபடி தண்ணீர் தண்ணீர்தானே?" என்றார். நானும் சரி என்றேன். பாங்கியிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த தொகையில் ஒரு பகுதியை அதற்கென்று ஒதுக்கினோம். 2022 ஜனவரியில், சென்னையிலிருந்து பாத்திரம் பண்டத்தோடு போய் இறங்கினோம்.

ஓசூரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து வேலூர், கிருஷ்ணகிரி வழியாகப் போனால், சூளகிரி தாண்டியதுமே காற்று மாறிவிடும். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரம். வெள்ளைக்காரர்கள் இதைக் குட்டி இங்கிலாந்து என்று கொண்டாடினார்களாம். அவர்களில் ஒருவர், பிரெட் என்கிற சேலம் கலெக்டர், இங்கிலாந்திலுள்ள கெனில்வொர்த் கோட்டையைப் போலவே தனக்கும் ஒரு கோட்டை வேண்டும் என்று கேட்ட தம் காதலிக்காக ஓசூரில் ஒரு மாளிகை எழுப்பினார் என்று ஊரில் கதை சொல்வார்கள். மாளிகை இடிந்துபோயிற்று, கதை மட்டும் இடியாமல் நிற்கிறது. "பார்த்தீர்களா? அந்த அம்மாள் கோட்டை கேட்டாள். நான் கேட்டது சமையலறையில் ஒரு ஜன்னல்!" என்று இவரிடம் சொல்லிக் காட்டினேன்.

இப்போதைய ஓசூர் வேறு. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பிறகு அசோக் லேலண்டு லாரி, டி.வி.எஸ். மோட்டார் சைக்கிள், டைட்டன் கைக்கடிகாரம் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 2019-ல் ஊர் மாநகராட்சியாகிவிட்டது. நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். காய்கறிக் கடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் கேட்கும். முதல் நாள் கொத்தமல்லிக் கட்டு வாங்கிய கடைக்காரி விலையைத் தெலுங்கில் சொல்லி, சில்லறையைக் கன்னடத்தில் கேட்டு, "போயிட்டு வாங்கம்மா" என்று தமிழில் வழியனுப்பினாள்.

ஊரைத் தாண்டிவிட்டாலோ ராகி வயல், ரோஜாத் தோட்டம், கொட்டகை போட்ட பூந்தோட்டங்கள். ராகிக் கதிர் முற்றும் காலத்தில் சானமாவுக் காட்டுக்கு யானைக் கூட்டம் வந்துவிடும். "யானை வந்தால் என்ன செய்ய வேண்டும்?" என்று நான் கவலையோடு கேட்டதற்கு, பக்கத்து வீட்டுக்காரர், "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்மா. அது செய்யறதைச் செஞ்சுட்டுப் போயிடும்" என்று ஆறுதல் சொன்னார்.

வீட்டை முதலில் பார்த்தபோது எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. கருங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர். இரண்டு அடிக்குக் குறையாத கனம். மேலே மங்களூர் ஓடு. முன்பக்கம் நீளத் திண்ணை. வேலிக்குக் கம்பி இல்லை. ஆள் உயரக் கருங்கல் பலகைகளை வரிசையாக நட்டிருக்கிறார்கள். சப்படிக் கல் என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். நம் ஊரில் மரப்பலகையை எப்படி உபயோகிப்போமோ அப்படி இங்கே கல்லை உபயோகிக்கிறார்கள். மாட்டுத் தொட்டி கல், துணி துவைக்கும் மேடை கல், கொட்டகைக்குக் கூரைகூடக் கல்!

விநோதம் என்னவென்றால், தண்ணீர் இருக்கும் பக்கத்துக்கு வீடு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. திண்ணை தெருப் பக்கம். தண்ணீர்ப் பக்கம் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. காரணத்தை இவருடைய அத்தைதான் சொன்னார். எண்பது வயது தாண்டியவர். அடுத்த கிராமத்தில் மகனோடு இருக்கிறார்.

"வீடு கட்டறப்போ அணை ஏது? ஆறு தள்ளி அந்தண்டை ஓடிச்சு. கோடையில மணல்தான். ஊத்துத் தோண்டிக் குடத்திலே மொண்டு வருவோம். கல்கண்டு மாதிரி இருக்கும் தண்ணி. வீட்டுக்குப் பின்னாலே மாடு, எரு, வைக்கோல். எருக்குழிக்கு யாராவது ஜன்னல் வைப்பாங்களா?"

ஆறு என்று அத்தை சொன்னது தென்பெண்ணை. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, அங்கே தட்சிண பினாகினி என்ற பெயரோடு பெங்களூருக்குக் கிழக்காக இறங்கி, ஓசூர் தாலுகாவில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. நுழைந்ததும் அதை நிறுத்தி வைக்கும் முதல் அணை கெலவரப்பள்ளிதான். முழு உயரம் 44.28 அடி. இரண்டு கால்வாய்கள் வழியாகச் சுமார் 8,000 ஏக்கருக்குப் பாய்கிறது. இதற்குக் கீழே கிருஷ்ணகிரி அணை, அதற்கும் கீழே சாத்தனூர் அணை. இரண்டும் காமராஜர் காலத்தவை. கெலவரப்பள்ளி அவற்றுக்கு மூத்தது போல் மேலே உட்கார்ந்திருந்தாலும், வயதில் கடைக்குட்டி. 1990-களில்தான் பயனுக்கு வந்தது. அப்போது ஆற்றுப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கித் தேங்கி, எங்கள் வீட்டு எருக்குழிக்குச் சற்றுத் தூரம் வரையில் வந்து நின்றுவிட்டது. நடுவில் சர்க்கார் எல்லைக் கல் இருக்கிறது.

ஆக, அந்த வீட்டுக்கு ஓர் ஏரிக்கரை பங்களாவாக ஆக வேண்டும் என்ற உத்தேசமே இருந்ததில்லை. தண்ணீர் தானாகத் தேடி வந்தது.

இவருடைய திட்டம் சுருக்கமானது: இடித்துவிடுவது, கான்கிரீட் போட்டு மாடி கட்டுவது, மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பது. என்னுடைய திட்டம் அதைவிடச் சுருக்கம்: இடிக்கக் கூடாது. முதல் பத்து நாள் எங்களுக்குள் பேச்சு வார்த்தை, "காப்பி", "போதும்" என்ற இரண்டு சொற்களில் நடந்தது.

சமாதானம் செய்து வைத்தது இராஜாஜி என்றுதான் சொல்ல வேண்டும். அவர் 1878-ல் பிறந்த தொரப்பள்ளி இங்கிருந்து அதிக தூரமில்லை; அதே ஆற்றங்கரை. பிறந்த வீட்டைச் சர்க்கார் நினைவில்லமாக வைத்துக் காப்பாற்றுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தோம். எத்தனை சின்ன வீடு! (இங்கே அந்தச் சொல்லை உபயோகிக்கலாம்.) இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக டில்லியில் அந்தப் பிரம்மாண்டமான மாளிகையில் இருந்தவர் தவழ்ந்த கூடம் அது. இவர் அங்கே சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். திரும்பி வரும்போது, "அந்தச் சுவரே நிற்கிறது, நம்முடையது நிற்காதா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. ஜெயித்த பிறகு பேசக் கூடாது என்பது நம் பெண்குலத்தின் பால பாடம் அல்லவா?

அடுத்த மாதம் கடலூரில் ஓர் உறவினர் கல்யாணம். தென்பெண்ணை கடலில் கலக்கும் ஊர்ப் பக்கம். எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் தண்ணீர், நெடுந்தூரம் ஆற்றைக் கடந்து தாழங்குடா மணலில் அலைகளோடு சேருவதைப் பார்த்தோம். அப்படியே தெற்கே தரங்கம்பாடி வரைக்கும் போய் வரலாம் என்றார் இவர். கடலோரத்துப் பழைய வீடுகளைப் பழுது பார்ப்பது எப்படி என்று தமிழ்நாட்டில் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

தரங்கம்பாடியை 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் பெற்றார்கள். 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1792-ல் கட்டிய நகர வாசலுக்குள் நுழைந்தால் தெரு நேரே கடலுக்கு இட்டுச் செல்கிறது. ஒரு பக்கம் டான்ஸ்போர்க் கோட்டை. இன்னொரு பக்கம், 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில். அலை அதன் முன்பகுதியைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தின்று தீர்த்திருக்கிறது. 2004-ல் ஆழிப்பேரலை வந்து அந்த ஊரை உலுக்கிவிட்டுப் போன பிறகு, இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்புச் சங்கம் பழைய வீடுகளை எடுத்துச் செப்பனிட ஆரம்பித்தது. டேனிஷ் கவர்னர் குடியிருந்த மாளிகைக்கு டென்மார்க் தேசிய அருங்காட்சியகமே ஒத்துழைப்புத் தந்தது. பெரிய மாளிகையைவிட என் மனசைக் கவர்ந்தவை சாதாரணத் தெரு வீடுகள்தாம். திண்ணை, மரத் தூண், முற்றம், ஓடு. எல்லாம் நம் பாட்டி வீட்டுச் சாமான்கள். ஆனால் எத்தனை பளிச்சென்று! சிமெண்டுப் பூச்சை எங்கே காணோம் என்று கேட்டபோதுதான் விஷயம் விளங்கிற்று. எல்லாம் சுண்ணாம்பு.

அந்தச் சுண்ணாம்பைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும்; ஏனென்றால் பழைய வீட்டைப் பழுது பார்க்கும் சகோதரிகளிடம் எல்லாக் கொத்தனார்களும் முதலில் கொண்டு வருவது சிமெண்டு மூட்டையைத்தான்.

மண் சுவர் ஈரத்தை இழுக்கும். வெயில் வந்தால் விட்டுவிடும். தண்ணீர்க் கரையில் இருக்கும் சுவருக்கு வருஷம் முழுவதும் இந்த மூச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் மேல் சிமெண்டைப் பூசினால் வாயையும் மூக்கையும் பொத்தின மாதிரி. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூச்சைத் தள்ளும். இரண்டு மழைக்குள் அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்துவிடும். சுண்ணாம்புப் பூச்சு அப்படியல்ல. ஈரத்தை வழி விட்டு அனுப்பும். காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகவே இறுகிவிடும். ஆனால் அதற்கு அவசரம் ஆகாது. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டும். மணல் சேர்த்து அரைக்க வேண்டும். கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறப்போட்ட தண்ணீரை விட வேண்டும். பூசிய பிறகும் குழந்தையைப் பார்த்துக்கொள்வது போல நாள் தவறாமல் ஈரத் துணியால் போர்த்த வேண்டும்.

எங்களுக்கு வாய்த்த மேஸ்திரி கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். அவருடைய அப்பா கோயில் வேலை செய்தவராம். "சுண்ணாம்பு வேலையா? எங்க அப்பாவோட போச்சுன்னு நினைச்சேம்மா" என்று சொல்லி, கடுக்காயை மோந்து பார்த்தார். சின்னப் பிள்ளையாகிவிட்டார் மனிதர்! வெல்லத் தண்ணீர் வைத்திருந்த அண்டாவை எறும்பிடமிருந்து காப்பாற்றுவது என் பொறுப்பு. ஓசூர்ச் சந்தையில் இரண்டாம் தடவை அத்தனை வெல்லம் வாங்கியபோது கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வீடு பூச" என்றேன். அவர் பார்வை இன்னும் ஒரு மாதிரியாகிவிட்டது.

ஓடுகள் விஷயம் வேறு ஒரு கதை. மங்களூரில் பாஸல் மிஷன்காரர்கள் 1865-ல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்துதான் இந்தத் தினுசு ஓடு நம் தேசமெங்கும் பரவிற்று. எங்கள் கூரையில் கால்வாசி உடைந்திருந்தது. புது ஓடு பழையதன் அச்சில் பொருந்தவில்லை. ஒன்றோடொன்று கவ்விக்கொள்ள வேண்டிய உதட்டு விளிம்பு அரை விரற்கடை தப்பிற்று. பெங்களூர்ப் பக்கம் இடிக்கிற வீடுகளின் ஓடுகளை அடுக்கி வைத்து விற்கிறவர்களிடம் தேடித் தேடி, அதே அச்சில் வாங்கி வந்தார் இவர். ஒவ்வொன்றையும் விரலால் சுண்டி, மணிச் சத்தம் வந்தால் வைத்துக்கொள்வது, மொத்தையாகக் கேட்டால் ஒதுக்குவது. பாங்கியில் நாணயம் சுண்டின கை!

கைமரங்களில் நாலை மட்டும் கரையான் தின்றிருந்தது, மாற்றினோம். கூடத்து இருட்டுக்கு இரண்டு கண்ணாடி ஓடு. அந்த வெளிச்சம் தரையில் வட்டமாக விழுந்து காலையிலிருந்து மாலைக்குள் கூடத்தைச் சுற்றி வரும். கடிகாரத் தொழிற்சாலை இருக்கும் ஊரில் எங்களுக்குக் கடிகாரமே தேவைப்படவில்லை.

அப்புறம் வந்தது வீட்டை விஸ்தரிக்கும் வேலை. பின்பக்கம், எல்லைக் கல்லுக்கு இப்பாலே தள்ளி, எருக்குழி இருந்த இடத்தில் ஓர் அறையும் சமையலறையும். புதுச் சுவரைப் பழைய சுவரோடு பல் வைத்து இணைத்துக் கட்டச் சொன்னார் இவர். மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டார்.

"பழசு உட்கார வேண்டிய மட்டும் உட்கார்ந்துடுச்சு சார். புதுசு இனிமேல்தான் உட்காரணும். ரெண்டையும் இழுத்துக் கட்டினா, புதுசு இறங்கறப்போ பழசையும் பிளந்துடும். நடுவிலே ஒரு விரல் இடம் விடுங்க."

மாமியார் மருமகள் விஷயத்தில் நம் பெரியவர்களுக்கு இந்த யோசனை தோன்றாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன். ஒரு விரல் இடம் விட்டுத்தான் கட்டினார்கள். மேலே ஓடு இரண்டையும் சேர்த்து மூடிக்கொண்டது.

புது அறைக்குத் தண்ணீர்ப் பக்கம் பெரிய ஜன்னல் வைப்பதென்று தீர்மானம். சுவர் எழும்பி, ஜன்னலுக்கு மட்டும் வாயைத் திறந்து வைத்திருந்த சமயத்தில், செப்டம்பர் வந்தது.

2022 செப்டம்பரில் பெங்களூரில் பெய்த மழையைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். பெரிய பெரிய கம்பெனி உத்தியோகஸ்தர்களையெல்லாம் டிராக்டரில் ஏற்றி அழைத்துக்கொண்டு போனார்கள். எங்கள் பெண்ணும் மாப்பிள்ளையும் பெல்லந்தூர்ப் பக்கம் ஓர் அடுக்கு மாடியில் இருக்கிறார்கள். அவள் டிராக்டரில் நின்றபடி எடுத்த படத்தை அனுப்பி, "அம்மா, நானும் கிராமத்துக்காரி ஆகிவிட்டேன்" என்று எழுதியிருந்தாள். சிரித்தோம்.

அந்த மழைத் தண்ணீர்தான் சில நாளில் எங்கள் அணைக்கு வந்தது. மதகைத் திறந்தார்கள். காலையில் எழுந்து கொல்லைப் பக்கம் போனவள், பனி பெய்திருக்கிறதோ என்று நினைத்தேன். வெள்ளை வெளேரென்று நுரை! அணைக்குக் கீழே ஆறு கண்ணுக்குத் தெரியவில்லை. நுரைதான் ஆறாக நகர்ந்தது. காற்று அடித்தால் பஞ்சு மெத்தை கிழிந்தது போலத் துண்டு துண்டாகப் பறந்து ரோஜாத் தோட்டங்களில் விழுந்தது. தரைப்பாலத்தில் ஆளுயரம் மூடிப் போக்குவரத்து நின்றது. தூரத்திலிருந்து பார்க்க அழகு என்றுதான் சொல்ல வேண்டும். கிட்டப் போனால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சாக்கடை நெடியும் சோப்பு நெடியும் சேர்ந்தால் எப்படியிருக்கும்? மேஸ்திரியின் ஆட்கள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

இது அந்த வருஷத்து அதிசயம் அல்ல. மழை பலத்துத் தண்ணீர் திறக்கும் காலங்களில் வருஷா வருஷம் நடப்பது. பெங்களூரில் பெல்லந்தூர் ஏரி நிரம்பி வர்த்தூர் ஏரிக்கு வருகிறது. வர்த்தூரிலிருந்து வழிவது இந்த ஆற்றுக்கு வருகிறது. அந்த மகா நகரத்தின் வீட்டுச் சாக்கடையில் பெரும் பங்கு சுத்தமாகாமலே அந்த ஏரிகளில் விழுந்துகொண்டிருந்தது. 2015-ல் பெல்லந்தூர் ஏரி நுரை தீப்பற்றி எரிந்ததாக உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. தண்ணீர் தீப்பிடிப்பதைப் புராணத்தில்கூட நாம் கேட்டதில்லை! அப்புறம் பசுமைத் தீர்ப்பாயம் கேள்வி கேட்டது. சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டத் தொடங்கினார்கள். தொழிற்சாலைக் கழிவும் இதில் சேருகிறது என்று விவசாயிகள் சொல்கிறார்கள்.

ஆனால் நுரைக்கு முதல் காரணம் என்ன தெரியுமா? நாம் துணி ஊறவைக்கும் சோப்புத்தூள். அதிலுள்ள சரக்கு தண்ணீரின் மேல்தோலைத் தளர்த்துகிறது. அழுக்கு விடுவதே அதனால்தான். அது தேங்கி நிற்கும் வரையில் சாது. மதகிலிருந்து விழுந்து காற்றோடு அடிபட்டதோ, மோர் கடைந்தது போல நுரைத்துக் கிளம்பிவிடுகிறது. சீயக்காயும் நுரைக்கத்தான் செய்யும்; ஆனால் அது இப்படி நாற்பது கிலோமீட்டர் நடந்து வந்து நம் வாசலில் நிற்பதில்லை.

அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினோம். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். "இதிலே நான் குளிச்சிருக்கேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மகனோடு வண்டி ஏறிப் போய்விட்டார்.

சொல்லி வைத்தாற்போல அந்த வாரமே ஒரு தரகர் வந்தார். பெங்களூர் நெருங்கி வருவதால் இந்தப் பக்கத்து மண்ணுக்கு நல்ல கிராக்கி. அவர் சொன்ன தொகை, நாங்கள் போட்டதைப் போல மூன்று பங்கு. "வீட்டை எடுத்துடுவாங்க சார், இடம்தான் வேணும்" என்றார். பெண்ணும் போனில், "அப்பா, கொடுத்துவிடுங்கள். உங்கள் இருவருக்கும் இந்த வயசில் அந்த நாற்றம் எதற்கு?" என்றாள்.

அன்று இராத்திரி திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேரும் வெகு நேரம் யோசித்தோம். இவர் கணக்குப் போட்டார். அவர் கணக்கு எப்போதும் சரியாக இருக்கும். விற்றால் இலாபம், சந்தேகமே இல்லை. கணக்குப் போட்ட காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மேஸ்திரிக்கு நாளைக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

"கூரை மோட்டுக்கு ஓடு வைக்க வேண்டும்."

"வைக்கட்டும்" என்றார்.

தீபாவளிக்குப் பெண் வந்தாள். அப்போது நுரை வடிந்து, அணையின் ஓரங்களில் மட்டும் திட்டுத் திட்டாக ஒதுங்கியிருந்தது. அவளை அழைத்துக்கொண்டு போய் இவர் காட்டினார். "இது உன் பெல்லந்தூர்த் தண்ணீர்தான். நீ துவைத்த துணியின் சோப்பும் இதில் கொஞ்சம் இருக்கும்" என்று, குற்றம் சொல்லும் தொனி இல்லாமல், விலாசம் சொல்வது போலச் சொன்னார். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. ஊருக்குத் திரும்பியதும் தன் அடுக்கு மாடி சங்கத்தில், "நம் கட்டிடத்துச் சாக்கடைத் தண்ணீர் எங்கே போகிறது? சுத்திகரிக்கும் யந்திரம் ஓடுகிறதா, சும்மா நிற்கிறதா?" என்று கேட்டாளாம். கேட்டதற்குப் பலன், அவளையே அதற்குக் காரியதரிசியாகப் போட்டுவிட்டார்கள். இப்போது வாரத்தில் ஒரு நாள் யந்திரத்தைப் பற்றிப் போனில் புலம்புகிறாள்.

எங்கள் வீட்டிலும் ஒரு சங்கடம் இருந்தது. புதுக் குளியலறைத் தண்ணீரையும் சமையலறைத் தண்ணீரையும் எங்கே விடுவது? சரிவு அணைப் பக்கம்தான். ஒரு குழாயைப் போட்டால் தானாக ஓடிவிடும். குழாய் போட வந்தவர் அதைத்தான் சொன்னார்: "அங்கே ஏற்கெனவே பெங்களூரே வருதும்மா, உங்க ரெண்டு பக்கெட்டா கெடுத்துடப் போகுது?" ஞாயமான பேச்சுப் போலத்தான் இருந்தது. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. தரையில் தொட்டி வெட்டி, அடியில் பெருங்கல், மேலே ஜல்லி, அதற்கு மேல் மணல் நிரப்பி, கல்வாழை நட்டோம். தண்ணீர் அதில் ஊறி, வேர்களைக் கடந்து வாழைப் பாத்திக்குப் போகிறது. கல்வாழை சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துத் தள்ளுகிறது.

குடிக்கிற தண்ணீரைப் பற்றிக் கேட்பீர்கள். வாசலுக்கு எதிரே கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். ஆனால் ஒரு சொம்பு குடிக்க முடியாது. இந்த ஜில்லாவில் நிலத்தடி நீரிலும் பல இடங்களில் புளோரைடு என்ற உப்பு அதிகம். பல்லில் கறை ஏற்றி எலும்பைக் கெடுப்பது. அதற்காகவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டத்தை 2013-ல் தொடங்கினார்கள். ஆகவே, பெண்ணையாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு காவிரியைக் குடிக்கிறோம். ராகிக் களிக்கும் கீரைக் குழம்புக்கும் அந்தத் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது.

கடைசியில் நின்ற வேலை ஜன்னல். திறந்த வாயோடு சுவர் காத்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி கேட்டார், "அடைச்சுடலாமாம்மா? நாத்தம் வர்ற பக்கம் ஜன்னல் எதுக்கு? பெரியவங்க தெரியாமலா அந்தப் பக்கம் ஜன்னல் வைக்கலே?"

இவர் என்னைப் பார்த்தார். மாடி வைத்துத் தண்ணீரைப் பார்க்க ஆசைப்பட்ட மனிதர், இப்போது என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார்.

வருஷத்தில் நுரை வரும் நாட்கள் எத்தனை, வராத நாட்கள் எத்தனை என்று பக்கத்து வீட்டாரிடமெல்லாம் விசாரித்துப் பார்த்தேன். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை மூடுபனி தண்ணீரின் மேல் படுத்திருக்கும். நாரைகள் ஒற்றைக் காலில் நிற்கும். எதிர்க்கரையில் மாடு மேய்க்கும் பையன் பாடுவது இங்கே கேட்கும். அதையெல்லாம் சுவர் வைத்து மூடுவானேன்?

ஜன்னலை வைத்தோம். முழு அகலம், ஆனால் மேலும் கீழுமாக இரண்டு அடுக்குக் கதவு, மொத்தம் ஆறு. பழைய வீட்டுக் கரையான் தின்னாத கைமரத் துண்டுகளிலிருந்து தச்சர் அறுத்துக் கொடுத்தார். நுரை நாட்களில் ஆறையும் சாத்தித் தாழ் போட்டுவிடுவோம். மற்ற நாட்களில் மேல் மூன்றைத் திறந்தால் மலையும் வானமும். கீழ் மூன்றையும் திறந்தால் தண்ணீர்.

அத்தை பொங்கலுக்கு வந்து அந்த ஜன்னல் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மேல் கதவை மட்டும் திறந்து வைத்திருந்தேன்.

"கீழேயும் திற, பார்க்கலாம்" என்றார்.